யாரைக் கேட்பது என்று யார் தீர்மானிப்பது?

சிறுபோகக் கூட்டம், அதாவது குளத்து நீரை நம்பிச் செய்யும் போகத்துக்கு விதைக்க முன் கமக்காரர் கூடும் கூட்டம், நடக்கிற நாளில் இலங்கையின் வடக்கே வன்னியில் எங்கள் ஊர் மண்டபத்து வேலியோரம் காலை எட்டரைக்கே மோட்டார் சைக்கிள்களால் நிறைந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் கதிரைகள். முன் மேசையில் அரசாங்க அதிபர் அல்லது மேலதிக அரசாங்க அதிபர், நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், கமநல சேவை நிலையத்திலிருந்து வந்தவர்கள், விவசாயப் போதனாசிரியர். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பொறியியலாளர் வாசிப்பார். அந்த எண் காதில் விழுந்ததும் பின்வரிசையில் மனக்கணக்கு ஓடும்: இத்தனை அடிக்கு இத்தனை ஏக்கர், ஒரு பங்குக்கு இவ்வளவு.

கடைசியாக நான் போயிருந்த கூட்டத்தில் வாய்க்காலின் கடைசிப் பகுதியில் வயல் வைத்திருக்கிற முதியவர் ஒருவர் எழும்பினார். "ஐயா, போன முறை எங்கட பக்கம் குடலைப் பருவத்தில பயிர் காஞ்சது. மேல இருக்கிறவை இரவில மடையை வெட்டி விடுகினம். இந்த முறை முதல் தண்ணியை எங்களுக்கு விடுங்கோ. இல்லாட்டி ஏக்கரைக் குறையுங்கோ." மேல் வாய்க்கால்காரர் இருவர் சத்தம் போட்டார்கள். பொறியியலாளர் தாளைத் திருப்பிப் பார்த்தார். அரைமணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, முதலில் சொல்லப்பட்ட ஏக்கர் குறைக்கப்பட்டு, முறைவைத்துத் தண்ணீர் விடுவதென்று முடிவாகிப் பதிவுப் புத்தகத்தில் ஏறியது. விதைப்புக்குக் கடைசித் தேதி, குளத்து நீர்க்கதவான துருசு திறக்கிற தேதி, மூடுகிற தேதி, மாடுகளை வயலிலிருந்து அகற்ற வேண்டிய தேதி என்று எல்லாமே அன்றைக்கே எழுதப்பட்டன.

நான் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன். ஊராருக்கு மனு, கடிதம், ஆட்சேபனை எழுதிக் கொடுப்பதுதான் பல வருடமாக என் வேலையில் பெரும்பகுதி. அரசு சம்பந்தப்பட்ட எத்தனையோ கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். சனம் சொன்ன ஒரு வசனத்தால் முடிவு அந்த இடத்திலேயே மாறுவதை நான் பார்த்த இடம் இந்தக் குளத்துக் கூட்டம் ஒன்றுதான். மற்ற இடங்களில் ஏன் அது நடப்பதில்லை என்பதைப் பற்றித்தான் எழுத வருகிறேன். சனம் சரியாகப் பேசவில்லை, ஒற்றுமை இல்லை என்று எங்களையே குறை சொல்லும் பழக்கம் இங்கே இருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு விடயத்துக்குச் சனத்தின் கருத்து எடுக்கப்படுமா என்பது, சனம் வாயைத் திறக்க முன்பே, வேறு எங்கோ ஒரு மேசையில் முடிவாகிவிடுகிறது. ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக அந்த முடிவு எடுக்கப்படுகிறது. ஒரே கிராமத்தில் ஒரு கோப்புத் திறந்திருக்கும், பக்கத்துக் கோப்புச் சாத்தியிருக்கும்.

குளத்துக் கூட்டத்துக்குப் பலம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இந்தக் கூட்டத்தை ஒவ்வொரு குளத்துக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் உரியதாக்கியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புகளைப் பதிவு செய்து அவற்றுக்கு ஒரு சட்டத் தகுதி கொடுத்தது. இருநூறு ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழும், பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழும் வரும். எதன் கீழ் வந்தாலும் வழக்கம் ஒன்றுதான்: விதைக்க முன் கூட்டம், கூட்டத்தில் பெரும்பான்மை முடிவு, அந்த முடிவை மீறினால் வழக்கு. கூட்டத்தைக் கூட்டுவதா இல்லையா என்று யோசிக்கும் அதிகாரம் எந்த உத்தியோகத்தருக்கும் இல்லை. கூட்டம் இல்லாமல் துருசு திறக்க முடியாது. எங்களைக் கேட்பது அவர்களுடைய தயவில் தங்கியிருக்கவில்லை என்பதுதான் இதன் அருமை.

குறையும் இருக்கிறது. அந்த மண்டபத்தில் வயல் காணிக்காரருக்குத்தான் குரல். குத்தகைக்கு எடுத்து விதைக்கிறவர் பின்னால் நிற்பார். போருக்குப் பிறகு கணவர் இல்லாமல் வயல் செய்கிற பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். காணிப் பெர்மிட் இன்னும் கணவர் பெயரில் கிடப்பதால் "அம்மா, நீங்கள் ஆருக்காக வந்தனீங்கள்?" என்ற கேள்வியைத் தாண்டித்தான் அவர்கள் கதிரையில் இருக்க வேண்டும். குளத்தில் வலை போடுகிற நன்னீர் மீன்பிடிக்காரருக்குத் தண்ணீர் மட்டம் குறைவது வயிற்றில் அடி, ஆனால் கூட்டத்தில் அவர்களுடைய பேச்சு ஒரு ஓரத்தில்தான். திறந்த கதவிலும் யார் உள்ளே வரலாம் என்று ஒரு கோடு இருக்கவே செய்கிறது.

இன்னொன்று: குளத்தைப் பற்றிய எல்லாமே அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. இரணைமடுவை எடுத்துக்கொள்ளுங்கள். வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம், கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது, 20,000 ஏக்கருக்கு மேல் வயலுக்கு நீர் கொடுப்பது. மாரியில் செய்யும் காலபோகத்துக்கு மழையும் கைகொடுக்கும். சிறுபோகம் முழுக்க முழுக்கக் குளத்தை நம்பியது. அதனால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பதை ஒவ்வொரு ஆண்டும் கமக்காரர் விவாதித்துத்தான் முடிவு செய்கிறார்கள். அப்படிப்பட்ட குளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் அங்கீகரித்தது. கால் ஏக்கர் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் கமக்காரரைக் கேட்கிற முறை இருக்கும் அதே குளத்தில், நிரந்தரமாக ஒரு பங்குத் தண்ணீர் வெளியே போவது பற்றிய பேச்சு, திட்டமும் கடனும் ஆன பிறகுதான் வயல்வரம்புக்கு வந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். சிறுபோகம் சுருங்கிவிடும் என்று அஞ்சினார்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கோ கிணற்று நீர் உவர்ப்பாகவும் நைத்திரேற்றுக் கலந்தும் போய்க்கொண்டிருந்தது. அவர்களுடைய தேவையும் பொய்யில்லை. ஒரே மொழி பேசுகிற இரண்டு மாவட்டத்துச் சனம் ஒருவரையொருவர் சந்தேகக் கண்ணோடு பார்த்த அந்த ஆண்டுகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கும். கடைசியில் குளத்தை விட்டுவிட்டுக் கடலிடம் போனார்கள். வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. கடன் எடுத்ததிலிருந்து பதினான்கு ஆண்டுகள். தொடக்கத்திலேயே இரு பக்கத்தாரையும் ஒரு மண்டபத்தில் இருத்திக் கேட்டிருந்தால் எத்தனை ஆண்டு மிஞ்சியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அடுத்தது சுற்றாடல் சட்டம். ஒரு கோப்பைப் பொதுமக்களுக்குத் திறப்பதா சாத்துவதா என்ற முடிவு எழுத்திலேயே வெளிப்படையாகத் தெரிகிற இடம் இதுதான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களுக்கு அங்கீகாரம் கொடுக்க முன் சுற்றாடல் அறிக்கை வேண்டும் என்ற விதி வந்தது. எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதி வர்த்தமானியில் வெளியானது. ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவது, 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் துப்புரவாக்குவது, 10 ஹெக்டேயருக்கு மேல் மேற்பரப்பில் கனிமம் அகழ்வது, 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட காற்றாலை போன்றவை அதில் இருக்கின்றன. காடும் மணலும் காற்றும் உள்ள வன்னிக்கு இந்தப் பட்டியல் தூரத்துக் கதையில்லை.

பட்டியலில் ஒரு திட்டம் வந்துவிட்டால், அங்கீகாரம் கொடுக்கும் நிறுவனம் இரண்டில் ஒன்றைக் கேட்கும். சிறிய பாதிப்பென்று கருதினால் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் அறிக்கை. பெரிய பாதிப்பென்று கருதினால் முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை. முதலில் இந்த இரண்டுமே பொதுமக்களின் கருத்துக்காக 30 நாட்கள் திறந்து வைக்கப்பட வேண்டும் என்றுதான் சட்டம் இருந்தது. 2000ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை மாற்றியது. இப்போது முழு மதிப்பீட்டு அறிக்கைக்கு மட்டுமே 30 நாள் கருத்துக் காலம் கட்டாயம். ஆரம்ப அறிக்கை பொது ஆவணம், போய்ப் பார்க்கலாம். ஆனால் கருத்து எழுதுங்கள் என்று எவரும் உங்களை அழைக்க வேண்டியதில்லை.

இதன் பொருளை ஒரு நிமிடம் நிதானமாக நினைத்துப் பாருங்கள். பாதிப்புப் பெரிதா சிறிதா என்று அதிகாரிகள் கோப்பின் தொடக்கத்தில் எடுக்கிற முடிவுதான், கிராமத்தவருக்குப் பேச்சு உண்டா இல்லையா என்பதையும் முடிவு செய்கிறது. பாதிப்பு எவ்வளவு என்பது ஊராருக்குத்தான் முதலில் தெரியும். மழைக்காலத்தில் எந்தப் பக்கத்தால் வெள்ளம் வடியும், எந்தக் காட்டுப்பாதையால் யானை வரும், எந்த மேட்டில் மாடு மேயும் என்று கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. அந்த அறிவு கிடைப்பதற்கு முன்பே, அந்த அறிவு தேவையா என்ற முடிவு எடுக்கப்படுகிறது. சட்டத்தை எழுதியவர்களுக்கும் இந்தச் சங்கடம் புரியாமல் இல்லை: திட்டத்தைச் செய்கிற நிறுவனமே அதற்கு அங்கீகாரம் கொடுக்கும் நிறுவனமாகவும் இருக்கக் கூடாது, அப்படி வந்தால் வேறொன்றை மத்திய சுற்றாடல் அதிகார சபை நியமிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதே கவனம், எந்த அறிக்கை என்று தெரிவு செய்கிற இடத்திலும் இருந்திருக்கலாம்.

சரி, கோப்புத் திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு பத்திரிகையிலும் அறிவித்தல் வரும். அறிக்கை அலுவலகங்களில் வைக்கப்படும். ஒருமுறை அப்படியொரு அறிக்கையைப் பார்க்க ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துத் தூசி தட்டித் தந்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டு விரல் தடிப்பு. தமிழில் ஒரு சுருக்கம். "அக்கா, இங்க இருந்து பாருங்கோ. வெளியில குடுக்கேலாது" என்றார் அந்தத் தம்பி. அவர் கெட்டவரில்லை, ஒரு கதிரையும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்து தந்தார். அலுவலகம் மூடும்வரை இருந்து வரைபடங்களைக் கொப்பியில் கீறினேன். எங்கள் வாய்க்கால் வரைபடத்தில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை நாள் எடுத்தது. 30 நாளில் அறிவித்தல் எங்கள் காதுக்கு வந்து சேரவே 17 நாள் போயிருந்தது. இருந்தும் எழுதினோம். அந்த வாய்க்கால் விடுபட்டிருப்பதாகத் திகதி போட்டு, கமக்காரர் அமைப்பின் முத்திரை வைத்து அனுப்பினோம். சட்டப்படி நாங்கள் எழுதுவது திட்டக்காரருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டும். அந்தப் பதிலால் முடிவு மாறவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. குளத்துக் கூட்டத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இதுதான்.

ஆனாலும் திறந்த கோப்பு வீண்போவதில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் சேர்த்து 484 மெகாவாட் காற்றாலைகள் அமைக்க அதானி நிறுவனம் வந்தபோது, மன்னார்ப் பகுதிக்கான மதிப்பீட்டு அறிக்கை 2024 தொடக்கத்தில் கருத்துக்காகத் திறக்கப்பட்டது. குளிர்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் பாதை அது. வலசைப் பறவைகள், மழைநீர் வடிகால், மீன்பிடித் தொழில் என்று பலவற்றைச் சுட்டிக்காட்டிப் பலரும் எழுத்தில் ஆட்சேபித்தார்கள். சுற்றாடல் அமைப்புகளும் மன்னார் ஆயரும் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அரசோடு மின்சார விலை பற்றிய பேச்சு இழுபட்டதும் அதற்குக் காரணம், கருத்துகளால் மட்டும் விலகியது என்று சொன்னால் அது பொய். ஆனால் நீதிமன்றத்துக்குப் போகும்போது கையில் ஆதாரமாகக் கொண்டுபோக ஒரு பொது அறிக்கையும் அதற்கு எழுதிய ஆட்சேபனைகளும் இருந்தன. கோப்பு ஆரம்ப அறிக்கையோடு முடிந்திருந்தால் அவை இருந்திருக்காது.

மேலே சொன்ன 1993ஆம் ஆண்டுப் பட்டியலில் வன்னிக்காரர் கவனிக்க வேண்டிய சிறு வரி ஒன்றும் உண்டு. நூறு குடும்பங்களுக்கு மேல் கட்டாயமாக வேறிடத்தில் குடியேற்றும் திட்டத்துக்கும் சுற்றாடல் அறிக்கை வேண்டும். அவசர நிலைமைகளில் செய்யப்படுவது தவிர. "அவசரம்" என்ற சொல்தான் எல்லாச் சட்டத்திலும் சாத்துகிற கை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தல் சட்டத்திலும் அப்படித்தான். பொதுத் தேவைக்கு ஒரு காணியை எடுக்க அரசு நினைத்தால், 4ஆம் பிரிவின்படி அறிவித்தல் ஒட்டி, 14 நாட்களுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து, எழுத்தில் ஆட்சேபனை கேட்க வேண்டும். 38ஆம் பிரிவின் (அ) காப்புரையோ, அவசரம் என்று அமைச்சர் கருதினால், முதல் அறிவித்தல் ஒட்டிய பின் உடனே காணியைக் கையேற்க ஆணையிட இடம் கொடுக்கிறது. அவசரம் என்பதை நிறுவும் பொறுப்பு எங்கே இருக்கிறது என்று தேடினால், அதே அமைச்சரின் மனத்தில்தான் இருக்கிறது.

நான் இதுவரை சொன்னவற்றில், கேட்டால் பேசலாம், கேட்காவிட்டால் பேசாமல் இருக்கலாம். பேசாமல் இருந்ததற்காக எதையும் இழப்பதில்லை. 1931ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் வேறு இனம். அது கருத்துக் கேட்கிறது, கேட்டுவிட்டு மௌனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்கிறது. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி இலக்கம் 2430இல் வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகள் பற்றி அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் வந்தது. யாழ்ப்பாணத்தில் 3,669, முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54 ஏக்கர். மூன்று மாதத்துக்குள் உரிமை கோராத காணி அரச காணியாகும்.

அந்த நாட்களில் எங்கள் சங்கத்துக்கு வந்த ஒரு அம்மா தகரப் பெட்டியொன்றைத் திறந்து காட்டினார். உள்ளே மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், பங்கீட்டு அட்டை, 2009இல் முகாமில் கொடுத்த அடையாளத் துண்டு, ஈரம் பட்டு ஒட்டிப்போன ஒரு கடதாசிக் கட்டு. கட்டைப் பிரித்தால் கிழிந்துவிடும். காணி உறுதிப் பத்திரம் அதற்குள்தான் இருக்கிறது என்று அவர் நம்புகிறார். காணி தகப்பனார் பெயரில் இருந்தது. தகப்பனார் இடம்பெயர்ந்த இடத்தில் இறந்தார், மரணப் பதிவு இல்லை. மூத்த தமையன் தமிழ்நாட்டில் முகாமில். "தங்கச்சி, நான் காணியில தான் இருக்கிறன். எனக்கேன் கடிதம் வரேல்லை?" என்று கேட்டார். கடிதம் அனுப்பப்படவில்லை, வர்த்தமானியில் போட்டிருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். "வர்த்தமானி எண்டா எங்க ஒட்டுறது?" என்பது அடுத்த கேள்வி.

மௌனம் சம்மதம் என்று தமிழில் ஒரு பழமொழி இருக்கிறது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் தலை குனிந்து நிற்கும் பிள்ளையின் மௌனத்தைப் பற்றியும் சொல்கிற பேச்சு அது. அங்கேயே அது சரியா என்பது வேறு விடயம். தாய்நிலத்தை விட்டுப் பல தடவை ஓடி, ஆளும் பத்திரமும் சிதறிப்போன சனத்தின் மௌனத்துக்கு அந்தப் பொருளைக் கொடுப்பது பெரும் அநியாயம். மூன்று மாதம் என்பது, உறுதி கையில் இருந்து, உடன்பிறந்தோர் ஒரே ஊரில் இருந்து, வர்த்தமானி வாசிக்கத் தெரிந்தவருக்குப் போதுமான காலம். வன்னியில் அப்படிப்பட்ட குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சட்டத்தரணி எம்.ஏ. சுமந்திரன் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் மனுத்தாக்கல் செய்தார். கெடு முடிவதற்கு ஒரு நாள் முன்னதாக, ஜூன் 27ஆம் திகதி, நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அரசும் அறிவித்தலை மீளப்பெற்றுக்கொண்டது. 1931ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

மன்னார் மாவட்டத்து முசலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் 2009க்குப் பிறகு மறிச்சுக்கட்டி, கரடிக்குளி பக்கத்துக்குத் திரும்பி வந்தபோது, இருபது வருடத்தில் வளர்ந்த மரங்களோடு தங்கள் காணி காடாகிவிட்டிருந்தது. 2017 மார்ச்சில் அந்தப் பகுதியையும் சேர்த்து 40,000 ஹெக்டேயருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லு பேணற்காடாக்கும் வர்த்தமானிப் பத்திரத்தில் அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கையெழுத்திட்டார். அவர் அப்போது மொஸ்கோவில் இருந்தார். காடு காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பக்கத்திலுள்ள வில்பத்துத் தேசிய வனத்தின் ஓரம் சுரண்டப்பட்டது உண்மை. ஆனால் வனக் கட்டளைச் சட்டம் அரச காணியைப் பற்றித்தான் பேசுகிறது. ஒரு நிலத்தை அரச காணி என்று தாளில் எழுதியாகிவிட்டால், அங்கே ஆட்சேபிக்க ஆளே இல்லை என்றாகிவிடுகிறது. திரும்பி வந்தவர்கள் வீதியில் இருந்து போராடித்தான் தங்களை ஆளாகக் கணக்கில் எடுக்கச் செய்ய வேண்டியிருந்தது.

எல்லாக் கோப்பும் எல்லா நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மார்கழி மழையில் குளம் நிரம்பி இரவோடிரவாக வான் கதவு திறக்க வேண்டி வந்தால் அதற்குக் கூட்டம் கூட்ட முடியாது. ஒரு பெண்ணின் நட்டஈட்டு விண்ணப்பத்தை ஊர் கூடி வாசிக்கவும் கூடாது. எந்தக் குடும்பம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது, யாருடைய பிள்ளை காணாமலாக்கப்பட்டவர் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் மூடிய கோப்பில்தான் இருக்க வேண்டும். மூடுவதற்கு நியாயம் இருக்கும் இடத்தில் மூடட்டும். நான் கேட்பது, மூடியவர் யார், என்ன காரணம், எத்தனை நாளைக்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும் என்று. அந்தக் காரணத்தை எதிர்த்து முறையிட வேறொரு இடமும் இருக்க வேண்டும். இன்று திறக்கிற கையும் சாத்துகிற கையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. முன்பு மாகாண சபையாவது கேள்வி எழுப்பியது. 2013இல் தெரிவான வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. பிரதேச சபைகளுக்கு 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்தது. காணியும் காடும் அவற்றின் கைக்கு எட்டாதவை.

கையில் இருக்கிற கருவி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனெனில் எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி அறிந்தவர் மிகச் சிலர். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பம் எழுதிக் கேட்டால் 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்ற அளவில் சிலருக்குத் தெரியும். அதன் 9ஆம் பிரிவு அதைவிடப் பெரியது. வெளிநாட்டு நிதியில் ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேலும், உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேலும் உள்ள திட்டங்களைப் பற்றி, தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன், பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் தகவல் கொடுப்பது பொறுப்பான அமைச்சரின் கடமை. ஐந்து இலட்சம் என்பது இன்றைக்கு ஒரு மதகு கட்டும் காசு கூட இல்லை. ஆகவே எங்கள் ஊருக்குள் வருகிற ஏறக்குறைய எல்லா வேலையும் இதற்குள் அடங்கும். இது கருத்துச் சொல்லும் உரிமையைத் தரவில்லை. ஆனால் மூன்று மாதம் முன்பே தெரிந்தால், அழைக்காவிட்டாலும் எழுதலாம். அறிவித்தல் 17 நாள் பிந்தி வந்து சேர்ந்த அந்த அறிக்கைக்கு இந்த மூன்று மாதம் கிடைத்திருந்தால், எங்கள் வாய்க்கால் வரைபடத்தில் ஏறியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

இப்போது எங்கள் சங்கத்தில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் கிராம அலுவலரின் கந்தோரிலும் ஒட்டப்படும் ஒவ்வொரு அறிவித்தலையும், ஒட்டிய திகதி, கெடு, எந்தச் சட்டத்தின் கீழ், யார் கையெழுத்து என்று நான்கு கோட்டில் எழுதுகிறோம். செவ்வாயும் வெள்ளியும் முறைவைத்து இருவர் போய்ப் பார்க்கிறார்கள். வர்த்தமானியை வெள்ளிக்கிழமைகளில் ஒரு உயர்தர மாணவி தன் தொலைபேசியில் தேடிப் பார்த்து எங்கள் ஊர்ப் பெயர் வந்திருக்கிறதா என்று சொல்கிறாள். தகரப் பெட்டி அம்மாவின் கடதாசிக் கட்டை நீராவியில் மெல்லப் பிரித்தெடுத்தோம். உறுதியின் இரண்டாம் பக்கத்தில் காணியின் நான்கு எல்லையும் வாசிக்கக்கூடியதாக இருக்கிறது. கிழக்கே வாய்க்கால் என்று எழுதியிருக்கிறது. தமையனிடமிருந்து, அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வருவதற்காகக் காத்திருக்கிறோம்.